நீல விளக்கு மிஸ்ஸி

மிஸ்ஸி நடந்து நான் பார்த்ததே இல்லை. வார்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓட்டம்தான். ஓடுகிற வேகத்தில் பேசுவார், பேசுகிற வேகத்தில் கையுறை மாட்டுவார், எதிரே வருகிறவர் நேற்றுக் கேட்ட கேள்விக்கு இன்று பதில் சொல்லிவிட்டுப் போவார். கேட்டவருக்கே கேள்வி மறந்து போயிருக்கும். முறைப்படி பார்த்தால் அவர் அந்தப் பச்சைக் குழந்தைகள் வார்டின் தலைமை நர்ஸ். சிஸ்டர் என்றுதான் கூப்பிட வேண்டும். ஆனால் எங்கள் ஜனங்களுக்கு நர்ஸ் உடுப்புப் போட்ட எல்லாருமே மிஸ்ஸிதான். அவருக்கும் அதுதான் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பார்க்கிற சிஸ்டர்களே எனக்குப் போதும், நீ வேறு என்னை அப்படிக் கூப்பிட்டு ஜெபம் பண்ண வைக்காதே என்று ஒருமுறை என்னிடம் சொன்னார்.

நான் அப்போது ஆஸ்பத்திரி இயந்திரங்களைப் பழுது பார்க்கும் கம்பெனி ஒன்றில் டெக்னீஷியன். மலேசியாவில் ஜொகூர் பாரு பக்கம் பல வார்டுகள் என் பொறுப்பில் இருந்தன. மற்ற வார்டுகளிலிருந்து இயந்திரம் கெட்டுப் போனால் கூப்பிடுவார்கள். மிஸ்ஸியின் வார்டிலிருந்து இயந்திரம் நன்றாக ஓடும்போதும் கூப்பிடுவார்கள். காரணம், அந்த நீல விளக்குகள்.

பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை வருவது ஊரறிந்த சங்கதி. 'பேபி குனிங்' என்று மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாரும் ஒரே பெயரில் சொல்வார்கள். பெரும்பாலும் தானாக வடிந்துவிடும். வடியாமல் ஏறினால் குழந்தையின் உடுப்பைக் களைந்து, கண்ணுக்குக் கட்டுப் போட்டு, டயபரோடு நீல விளக்கின் கீழே படுக்க வைத்துவிடுவார்கள். அவ்வளவுதான் வைத்தியம். இந்த அவ்வளவுதானைத்தான் மிஸ்ஸியால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. எத்தனையோ வருடமாக அந்த வேலையைச் செய்தவர், நேற்றுத்தான் அதைக் கண்டுபிடித்த மாதிரிச் சொல்வார்.

"வெளிச்சம் தோலுக்குள்ள போவும் தம்பி. போயி அந்த மஞ்சள உடைக்கும். உடைஞ்சதெல்லாம் டயபர்ல வந்துரும். ஊசி இல்ல, மருந்து இல்ல. வெளிச்சம் மட்டும்தான். உனக்கு ஆச்சரியமா இல்லயா?"

எனக்கு விளக்குதான் தெரியும், ஆச்சரியம் தெரியாது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்து ஆமாம் என்று சொல்லாமல் இருக்க முடியாது. அடுத்த நிமிடமே குரல் மாறிவிடும். ஏற விட்டுவிட்டால் அது மூளைக்குப் போய்விடும், காது போகும், கைகால் இழுக்கும், போனது திரும்பாது என்பார். அதனால்தான் ஓடுகிறேன் என்று சொல்லிக்கொண்டே ஓடிவிடுவார்.

அவரோடு எனக்கு முதல் சண்டை ஒரு விளக்கினால் வந்தது. விளக்கு சரியில்லை என்று கூப்பிட்டிருந்தார். போய்ப் பார்த்தால் பளீரென்று எரிகிறது. நல்லாத்தானே எரிகிறது என்றேன். எரிவது வேறு, வேலை செய்வது வேறு என்றார். என் சட்டைப் பைக்குள் கையை விடாத குறையாக ஒளி அளக்கும் மீட்டரை வாங்கி அவரே விளக்கின் கீழே பிடித்தார். அவர் சொன்னதுதான் சரி. கண்ணைக் கூசிய அந்த விளக்கில் குழந்தைக்கு வேண்டிய ஒளி பாதிகூட இல்லை. நான் வாயை மூடிக்கொண்டு மாற்றிக் கொடுத்தேன். புது விளக்கில் ரீடிங் ஏறியதும் மிஸ்ஸி கைதட்டினார். அங்கிருந்த தாய்மார்கள் ஏதோ பந்தயத்தில் நான் ஜெயித்துவிட்டதாக நினைத்து அவர்களும் தட்டினார்கள். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் எனக்கு யாரும் கைதட்டியது கிடையாது. அன்றிலிருந்து அவர் கூப்பிட்டால் சாப்பாட்டை வைத்துவிட்டும் போக ஆரம்பித்தேன்.

அவரோ சாப்பிட்டு முடித்ததாகச் சரித்திரம் இல்லை. கடையிலிருந்து பொட்டலமாக வாங்கி வரும் தே ஓ ஐஸ் என்ற பாலில்லாத குளிர் தேநீர்ப் பையை நர்ஸ் மேசை ஓரத்து ஆணியில் மாட்டுவார். இரண்டு மிடறு உறிஞ்சுவார், ஓடிவிடுவார். ஐஸ் கரைந்து வெறும் தண்ணீராகும்போது இன்னொரு பை வந்து பக்கத்தில் தொங்கும். சாயங்காலம் பார்த்தால் அந்த ஆணியில் தோரணம் கட்டினாற்போல் இருக்கும்.

ரத்தப் பரிசோதனை முடிவு வருவதுதான் அவருடைய திருவிழா. எந்தக் குழந்தைக்கு இறங்கினாலும் நடைபாதையிலிருந்தே கத்திக்கொண்டு வருவார். மலாய்க்காரக் குழந்தை என்றால் 'துருன் சுடா', தமிழ்க் குழந்தை என்றால் 'எறங்கிருச்சு'. சீனக் குழந்தைக்கும் ஏதோ சொல்வார். அது எந்தச் சீனமோ தெரியாது, ஆனால் தாய்க்குப் புரிந்துவிடும். டாக்டர்கள் பலமுறை சொல்லிப் பார்த்தார்கள், ஆஸ்பத்திரியில் இப்படிச் சத்தம் போடக் கூடாது என்று. தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். அடுத்த முடிவு வந்ததும் மறுபடி கத்துவார்.

எல்லாருக்கும் அவரைப் பிடித்திருந்தது என்று சொன்னால் அது பொய். தாய்மார்களில் பாதிப் பேருக்கு அவரைக் கண்டால் ஆகாது. குழந்தை அழுதால் எந்தத் தாய்க்கும் கை நீளும். தூக்கி மடியில் போட்டுக்கொள்வாள். பால் கொடுக்கும் நேரம் தவிர வேறெப்போது தூக்கினாலும் மிஸ்ஸி எங்கிருந்தாலும் வந்து நின்றுவிடுவார். உங்க மடியில வெளிச்சம் இருக்கா என்று கேட்பார். அந்தப் பெண் அழத் தொடங்குவாள். சமாதானமெல்லாம் அப்புறம், முதலில் குழந்தை விளக்கடிக்குப் போக வேண்டும். இவளுக்கு நெஞ்சில் ஈரம் இருக்கிறதா என்று ஒரு தாய் என்னிடமே கேட்டிருக்கிறாள். நான் விளக்குக்காரன், எனக்குத் தெரியாதென்று நழுவிவிட்டேன். உண்மையில் எனக்கும் சில நேரம் அந்தச் சந்தேகம் வந்ததுண்டு.

தம்போயில் கார் பட்டறை வைத்திருந்த ஓர் இளம் தகப்பன் கதையையும் சொல்ல வேண்டும். குழந்தையைச் சேர்க்கச் சொன்னபோது அவன் மறுத்துவிட்டான். நீல விளக்குத்தானே, நானே செய்துகொள்கிறேன் என்று வீட்டில் ஒரு பெட்டி செய்திருக்கிறான். ஆன்லைனில் வாங்கிய நீல பல்புகள், காரின் அடியில் அலங்காரத்துக்கு ஒட்டுகிற நீலப் பட்டை விளக்கு, சுற்றிலும் வெள்ளித் தாள். பார்க்க அவ்வளவு அழகு. மறுநாள் குழந்தை இன்னும் மஞ்சளாகிவிடவே, குழந்தையோடு அந்தப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். திட்டப் போகிறார் என்று நான் நினைத்தேன். மிஸ்ஸி குழந்தையை விளக்கடியில் போட்டுவிட்டு, என்னைக் கூப்பிட்டு அந்தப் பெட்டிக்குள் மீட்டரைப் பிடிக்கச் சொன்னார். எண் ஏறவே இல்லை. அவனுக்கு முகம் செத்துப் போயிற்று. மிஸ்ஸி பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, வயரிங் வேலையெல்லாம் பிரமாதம், பட்டறைக்கு நான் காரை எடுத்து வருகிறேன், குழந்தையை மட்டும் என்னிடம் கொண்டு வா என்றார். சொன்னபடியே அன்றிலிருந்து அவருடைய கார் அவனிடம்தான் போயிற்று. பழைய வண்டி, அடிக்கடி படுத்துக்கொள்ளும்.

அந்தக் கார் படுத்துக்கொண்ட ஒரு நாளில்தான் என் அக்காவின் வீட்டுக்கு மிஸ்ஸி வந்தார்.

அக்காவுக்குக் கல்யாணமாகி நெடுங்காலம் குழந்தை இல்லை. போகாத கோயிலில்லை, பார்க்காத டாக்டரில்லை. ஊரார் விசேஷங்களுக்குப் போவதையே நிறுத்திவிட்டிருந்தாள். போனால் யாராவது ஒருத்தி ஏதாவது கேட்பாள். கடைசியில், இனி இல்லை என்று எல்லாரும் முடிவு கட்டிய பிறகு, ஒரு பெண் குழந்தை பிறந்தது. எங்கள் வீட்டில் யாருக்கும் தரையில் கால் பாவவில்லை. மச்சானுக்குச் சிங்கப்பூரில் வேலை. விடியுமுன்னே பாலத்தைத் தாண்டிப் போகிறவர். எடுத்திருந்த லீவு முடிந்து அன்றுதான் மறுபடி போயிருந்தார். பிள்ளை பெற்றவளைப் பார்த்துக்கொள்ள அவருடைய அக்கா செனாயிலிருந்து வந்து தங்கியிருந்தார். தொழிற்சாலை கேன்டீனில் சமைக்கிறவர், கை தேர்ந்தவர், பத்தியச் சாப்பாடு முதல் குழந்தையைக் குளிப்பாட்டுவது வரை எல்லாம் அவர் பொறுப்பு. அந்த நாத்தனார் இல்லாவிட்டால் அக்கா அந்த நாட்களைத் தாண்டியிருக்க மாட்டாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் நடந்ததை வைத்து யாரும் அவரைத் தப்பாக எடைபோடக் கூடாது.

அக்கா வீடு இருந்த பெர்மாஸ் ஜெயாவில்தான் மிஸ்ஸியும் குடியிருந்தார். கார் பட்டறையில் இருந்ததால் காலை ஷிப்டு முடிந்ததும் நான் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னேன். வழியில் அக்காவுக்கு இஞ்சியும் பூண்டும் கொடுக்க வேண்டியிருந்தது. குழந்தை பிறந்த வீடு என்றதும் மிஸ்ஸி சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பால் குடிக்கிறாளா என்று கேட்டார். ஏதோ கொஞ்சம் குடிக்கிறாள், தூங்கிக்கொண்டேதான் இருக்கிறாள் என்றேன். வீட்டுக்கு வந்து பார்க்கிற கிளினிக் மிஸ்ஸி வந்தாரா என்று கேட்டார். வந்தபோது நன்றாகத்தான் இருந்தாள், நாளைக்குத் திரும்ப வருகிறார் என்றேன். அழுகிறாளா என்று கேட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"அழவே மாட்டா மிஸ்ஸி. பயங்கரச் சமத்து."

அதுவரை வாய் ஓயாமல் வந்தவர் பேச்சை நிறுத்திவிட்டார். சிக்னல் மஞ்சளில் நான் காரை மெதுவாக்கியபோது, போ தம்பி, நிக்காத என்று மட்டும் சொன்னார்.

வீட்டில் ஜன்னல் திரையெல்லாம் மூடியிருந்தது. காற்றுப் படக் கூடாதென்று அப்படி. சாம்பிராணி வாசனை. நாத்தனார் சிரித்த முகமாக வரவேற்று, மைலோ கலக்கட்டுமா, தே குடிக்கிறீர்களா என்று கேட்டார். மிஸ்ஸி கை கழுவிக்கொண்டார். யாரையும் கேட்காமல் திரையைச் சரசரவென்று இழுத்துவிட்டார். தொட்டிலில் இருந்து குழந்தையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டு போனார்.

குழந்தை தகதகவென்று இருந்தாள். அப்போதுதான் குளிப்பாட்டியிருந்தார்கள். பெண் குழந்தை என்பதால் நாத்தனார் கஸ்தூரி மஞ்சளை உரைத்து, பாசிப்பயறு மாவோடு சேர்த்துத் தலை முதல் கால் வரை பூசிக் குளிப்பாட்டுவார். தினமும் அப்படித்தான். பூனை முடி உதிரும், தோல் பொன்னாகும் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து பார்த்து என்ன நிறம், என்ன நிறம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

மஞ்சளாக இருக்கிறாளே என்று மிஸ்ஸி கேட்டதற்கு, மஞ்சள் போட்டால் மஞ்சளாகத்தானே இருப்பாள் என்று நாத்தனார் சிரித்தார். நியாயமான பதில்தான். நானும் சிரித்தேன். மிஸ்ஸி வெந்நீரும் வெள்ளைத் துணியும் கேட்டார்.

ஈரத் துணியால் குழந்தையின் நெற்றியைத் துடைத்தார், நெஞ்சைத் துடைத்தார். துணி மஞ்சளாயிற்று. நான்தான் சொன்னேனே என்பது போல நாத்தனார் பார்த்தார். மிஸ்ஸி துணியை அலசி மறுபடி துடைத்தார். துணியில் லேசாக மஞ்சள். இன்னொரு சுத்தமான துணி கேட்டு வாங்கி, வயிற்றை, தொடையை, உள்ளங்காலைத் துடைத்தார். இந்தமுறை துணி வெள்ளையாகவே இருந்தது. குழந்தையின் நிறம் மட்டும் மாறவில்லை.

மிஸ்ஸி கட்டை விரலால் நெஞ்சை அழுத்தி எடுத்தார். அழுத்திய இடத்திலும் மஞ்சள். இமையை மெல்லப் பிரித்துப் பார்த்தார். உள்ளங்காலைச் சுண்டினார். குழந்தை முகத்தைச் சுளித்தாள், அழவில்லை. இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும் என்றார் மிஸ்ஸி.

நாத்தனாரின் முகம் மாறிவிட்டது. பிள்ளை பெற்ற வீட்டில், பச்சைப் பெண் குழந்தை மேல் பூசிய மஞ்சளை வெளியாள் ஒருவர், அதுவும் வேதக்காரர், வந்து துடைத்து எடுப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் மரியாதையாகத்தான் பேசினார். அக்கா இன்னும் வாசல்படி தாண்டக் கூடாத நாள், தன் தம்பி சிங்கப்பூரிலிருந்து வரட்டும், ராத்திரி ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு காலையில் பார்க்கலாம் என்றார்.

பார்க்கலாம் என்ற சொல்லை மிஸ்ஸியின் முன்னால் யாரும் சொல்லக் கூடாது. வார்டில் அது எல்லாருக்கும் தெரியும். அவர் நாத்தனார் பக்கம் திரும்பக்கூட இல்லை. கட்டிலில் உட்கார்ந்திருந்த அக்காவிடம் நேராகப் போனார்.

"காலைல வரைக்கும் இந்தப் புள்ளைக்கு டைம் இல்லம்மா."

பூசி மெழுகாமல், முன்னுரை இல்லாமல், அப்படியே சொல்லிவிட்டார். அக்காவுக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. என் பிள்ளையைப் பற்றி என் வீட்டிலேயே உட்கார்ந்து அப்படிப் பேசாதீர்கள், உங்களை யார் கூப்பிட்டார்கள் என்று கேட்டாள். என்னையும் ஒரு பார்வை பார்த்தாள். இத்தனை வருடம் காத்திருந்தவளின் காதில் விழக் கூடாத வார்த்தை அது. மிஸ்ஸி மன்னிப்புக் கேட்கவில்லை, விளக்கம் சொல்லவில்லை. இன்னொரு வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து அக்காவின் கையில் வைத்தார். குழந்தையை அவள் மடியில் போட்டார்.

"என்ன நம்ப வேணாம். நீங்களே தொடச்சிப் பாருங்க."

அக்கா துடைத்தாள். கன்னத்தைத் துடைத்தாள், காதுக்குப் பின்னால் துடைத்தாள், விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதில் ஒன்றுமே இல்லை. அக்கா எழுந்து, தலைக்குக் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துப் போட்டுவிட்டு, காரை எடுடா என்றாள்.

நாத்தனார் என்ன நினைத்தாரோ, எங்களுக்கு முன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்து கார் கதவைத் திறந்து பிடித்தவர் அவர்தான். முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, வழிவிடாத ஒவ்வொரு காரையும் வாய்க்கு வந்தபடி வைதுகொண்டு வந்தார். பின் சீட்டில் மிஸ்ஸி குழந்தையின் காலைத் தட்டிக்கொண்டும் போனில் வார்டோடு பேசிக்கொண்டும் வந்தார். எந்த விளக்கை எங்கே வைக்க வேண்டும் என்று கார் போய்ச் சேருவதற்குள் சொல்லி முடித்துவிட்டார்.

ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர் இளம் பெண். மெதுவாக, தெளிவாகச் சொன்னார். அளவு மிக அதிகமாக இருக்கிறது. எல்லாப் பக்கமும் விளக்கு வைக்கிறோம். அடுத்த பரிசோதனைக்குள் இறங்கத் தொடங்கவில்லை என்றால் குழந்தையின் ரத்தத்தையே கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்டு வேறு ரத்தம் ஏற்ற வேண்டும். அதற்கும் ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறோம். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். எதுவும் அவள் காதில் ஏறியதாகத் தெரியவில்லை.

நான் சுவரோரம் போய் நின்றுகொண்டேன். மிஸ்ஸி விடவில்லை. மீட்டரை எடு என்றார். மாமனாக நிற்க வேண்டியவன் டெக்னீஷியனாகக் குனிந்தேன். மேலே ஒரு விளக்கு, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, அடியில் ஒளிவிடும் மெத்தை. நடுவில் கண் கட்டப்பட்டு என் அக்காவின் குழந்தை. வாழ்க்கையில் எத்தனையோ முறை அந்த மீட்டரைப் பிடித்திருக்கிறேன். அன்று அதிலிருந்த எண்களைப் படிக்கவே எனக்குப் பயமாக இருந்தது. எல்லாம் சரியாக இருந்தன. இன்னும் கொஞ்சம் இறக்கு என்றார், இறக்கினேன். சுற்றிலும் வெள்ளைத் துணிகளைக் கட்டித் தொங்கவிட்டார், சிந்துகிற வெளிச்சமும் குழந்தை மேலேயே விழட்டும் என்று. அந்தத் துணிகள் அவர் வீட்டில் துவைத்து இஸ்திரி போட்டுக் கொண்டு வந்தவை என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

குழந்தைக்குச் சப்பிக் குடிக்கச் சக்தி இல்லை. அக்கா பாலைப் பீய்ச்சிக் கொடுக்க, மெல்லிய குழாய் வழியாக ஊட்டினார்கள். தூக்கலாமா என்று அக்கா கேட்டாள். கூடாது, தொடலாம் என்றார் மிஸ்ஸி. அக்கா ஒரு விரலை நீட்டி அந்தக் குட்டிப் பாதத்தின் மேல் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். நாத்தனார் நாற்காலி கொண்டுவந்து அவளுக்குப் பின்னால் போட்டார். மச்சான் பாலத்து நெரிசலில் மாட்டிக்கொண்டு, கார் நகரவில்லை நகரவில்லை என்று எனக்குப் போன் செய்துகொண்டே இருந்தார். மிஸ்ஸியின் ஷிப்டு எப்போதோ முடிந்துவிட்டது. அதை யாரும் அவருக்கு நினைவுபடுத்தவில்லை.

மறுபடி ரத்தம் எடுத்தார்கள். வழக்கமாக அதைக் கொண்டுபோக ஆள் உண்டு. மிஸ்ஸியே பிடுங்கிக்கொண்டு ஓடினார். அவர் திரும்பி வரும்வரை நாங்கள் யாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. நடைபாதைக் கோடியில் செருப்புச் சத்தம் கேட்டது. சத்தத்துக்கு முன்னால் குரல் வந்துவிட்டது.

"எறங்குது. எறங்குதுலா. எறங்க ஆரம்பிச்சிருச்சு."

நாத்தனார் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கொஞ்சம்தான் இறங்கியிருக்கிறது, ஆனால் இறங்குகிறது, ரத்தம் மாற்ற வேண்டியிருக்காது என்று நினைக்கிறேன் என்றார் டாக்டர். எனக்கு அந்த நீல வெளிச்சத்தைக் கும்பிட வேண்டும் போல இருந்தது. ஊசி இல்லை, மருந்து இல்லை என்று மிஸ்ஸி சொன்ன ஆச்சரியம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. மின்சாரத்தில் எரிகிற ஒரு விளக்கு, நான் திருகாணி முடுக்குகிற விளக்கு, ஒரு பிள்ளையை ஆபத்திலிருந்து பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

மறுநாள் இன்னும் இறங்கியது. குழந்தை வாய் வைத்துக் குடிக்கத் தொடங்கினாள். மச்சான் லீவு போட்டுவிட்டு வந்து, விளக்கடியில் கிடந்த மகளை இமை கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்துவிட்டது என்று நாங்கள் நினைத்தபோது டாக்டர் இன்னொன்றையும் சொன்னார். சொல்ல வேண்டியது அவர் கடமை. அளவு அவ்வளவு உயரம் போனதால் காது கேட்கும் சக்தியைப் பரிசோதிக்க வேண்டும். சில மாதம் கழித்துத் தேதி தருவோம், அப்போது பார்க்கலாம்.

அக்காவின் முகத்தில் இருந்த வெளிச்சம் போயிற்று. டாக்டர் போன பிறகு, அசந்து தூங்கிக்கொண்டிருந்த குழந்தையின் காதோரம் குனிந்து மெல்லக் கூப்பிட்டாள். பெயர் இன்னும் வைக்கவில்லை. பாப்பா, பாப்பா என்று கூப்பிட்டாள். குழந்தை அசையவில்லை. தூங்குகிற பிள்ளை அப்படித்தான் இருக்கும் என்று மச்சான் சொன்னார். அக்கா அதை ஏற்காமல், பக்கத்துத் தொட்டிலருகே நின்ற மிஸ்ஸியின் பக்கம் திரும்பினாள்.

"இவளுக்குக் கேக்குதா மிஸ்ஸி? அத மட்டும் சொல்லுங்க."

சில மாதம் காத்திருங்கள் என்று வேறு யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். மிஸ்ஸி ஒரு நிமிடம் அக்காவைப் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார், இடப்பக்கம் பார்த்தார். மருந்து வைக்கிற பெரிய எவர்சில்வர் தட்டு ஒன்று தள்ளுவண்டியில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு வந்து, குழந்தையின் தொட்டிலுக்குப் பின்னால் நின்று, தலைக்கு மேலே தூக்கி, கையை விட்டுவிட்டார்.

அப்படி ஒரு சத்தத்தை அந்த வார்டு கேட்டிருக்காது. தட்டு தரையில் விழுந்து, எழுந்து, சுழன்று, மறுபடி விழுந்தது. கண் கட்டியிருந்த எங்கள் குழந்தை இரண்டு கைகளையும் விரித்துத் தூக்கி உதறினாள். பத்து விரலும் விரிந்தன. முகம் சிவந்தது. பிறகு வாயைத் திறந்து அழுதாள் பாருங்கள், பிறந்ததிலிருந்து சேர்த்து வைத்த அழுகை எல்லாம் அன்று வந்தது. அவள் அழுகையைக் கேட்டு அடுத்த தொட்டில் அழுதது, அதற்கடுத்த தொட்டில் அழுதது, வார்டு முழுவதும் பச்சைக் குழந்தைகள் வீறிட்டன. தாய்மார்கள் பதறி எழுந்தார்கள். மச்சான் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று சொல்ல முடியவில்லை. நாத்தனார் கை இரண்டையும் தலைக்கு மேல் கூப்பினார். மிஸ்ஸி நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டிருந்தார். எடுங்க, எடுங்க, புள்ளையத் தூக்குங்க என்று அவரே சொன்னார். அக்கா குழந்தையை அள்ளி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள்.

இளம் டாக்டர் ஓடி வந்தார். இந்தத் தட்டைப் போட்டது யார் என்று கேட்டார். அவர் இவ்வளவு கோபப்படுவார் என்று யாரும் நினைக்கவில்லை. மிஸ்ஸி வாயைத் திறப்பதற்குள், முந்தின நாள் அவரைப் பார்த்து உங்களை யார் கூப்பிட்டார்கள் என்று கேட்ட என் அக்கா முந்திக்கொண்டாள்.

"நான்தான் டாக்டர். கை தவறிருச்சு."

டாக்டர் அக்காவைக் கண்டித்தார். குழந்தைகள் இருக்கிற இடம், கவனம் வேண்டாமா என்று நீளமாகவே கண்டித்தார். அக்கா தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். மிஸ்ஸி தட்டைப் பொறுக்குகிற சாக்கில் கீழே குனிந்தவர், வெகுநேரம் நிமிரவில்லை. அவர் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

தட்டைப் போட்டுப் பார்ப்பதெல்லாம் பரிசோதனை ஆகாது என்பது எனக்கும் தெரியும். சில மாதம் கழித்து முறைப்படி குழந்தையின் தலையில் வயர் ஒட்டி, காதில் கருவி மாட்டிப் பார்த்தார்கள். இரண்டு காதும் நன்றாக இருக்கின்றன என்றார்கள். மச்சான் அந்த இடத்திலேயே உடைந்து அழுதுவிட்டார். அக்கா அழவில்லை. அவளுக்கு அது பழைய செய்தி.